வளவுக்குள்ளே ஆபீஸ்: செட்டிநாட்டில் இருந்து வேலை பார்ப்பவர்களும் வேலை வாங்குபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு ஒரு சின்னக் கணக்கு எழுதும் நிறுவனத்தின் ஆட்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தலைமை ஆபீஸ் சென்னையில். வாடிக்கையாளர்கள் லண்டனிலும் அமெரிக்காவிலும். எங்கள் ஆட்கள் 14 பேர் தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று சுற்றுவட்டாரத்தில் அவரவர் வீட்டில் இருக்கிறார்கள். 2020-ல் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் வந்தவர்கள்; திரும்பிப் போகவே இல்லை. இதே மாதிரி ஆட்களை வைத்திருக்கும் நண்பர்களும், வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

செட்டிநாட்டு வீட்டில் இருந்து லண்டன் வேலையைப் பார்க்க முடியுமா?

முடியும், சுவர் வழிவிட்டால். பெரிய வீடுகளில் சுண்ணாம்புக் காரை பூசிய தடிச்சுவர். சித்திரை வெயிலுக்கு அது வரம், வைஃபைக்கு எமன். முகப்பில் ரவுட்டரை வைத்தால், வளவை (வீட்டின் நடு முற்றத்தை) தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போவதற்குள் சிக்னல் செத்துவிடுகிறது. கானாடுகாத்தானில் எங்கள் தம்பி ஒருவன் மூன்று மாதம் மாடிப்படியில் உட்கார்ந்து மீட்டிங்கில் பேசினான். இரண்டு தடவை நெட் கம்பெனியை மாற்றினான். கோளாறு நெட்டில் இல்லை, சுவரில். வளவுத் தூண்கள் ஓரமாக 30 மீட்டர் கேபிளை இழுத்து உள்ளே இன்னொரு ரவுட்டர் போட்டதும் சரியாகிவிட்டது. சுவரில் ஆணி அடிக்க அவன் ஐயா விடவில்லை. கேபிள் இன்றும் தரையோரமாகத்தான் கிடக்கிறது.

கரண்டுக்கு வருவோம். மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் காலையில் நிறுத்தினால் மாலைக்குள் வரும். எந்த ஊரில் என்று முந்தைய நாளே பேப்பரில் போட்டுவிடுவார்கள். பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கும், ஆனால் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும் இணைத்திருப்பார்கள், ரவுட்டர் மாட்டிய பிளக்குக்கு இருக்காது. எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை. இந்தச் செலவை நிறுவனம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆபீசில் என்றால் ஜெனரேட்டருக்கு டீசல் யார் போட்டிருப்பார்கள்?

கண்ணுக்குத் தெரியாத ஆள் வேலை பார்க்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலாளிமார் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். முதல் வருடம் நானும் இதில்தான் சறுக்கினேன். ஆள் கம்ப்யூட்டரில் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும் இல்லையா, அதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பையனுக்கு மட்டும் காலை 9 முதல் மாலை 6 வரை பச்சை அணையவே இல்லை. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பாராட்டினேன். ஒரு வாரம் கழித்து யாரோ ஒரு போட்டோ அனுப்பினார்கள். மேஜை ஃபேனின் தலையில் நூல் கட்டி, மறுமுனையை மவுசில் கட்டியிருந்தான். ஃபேன் இந்தப் பக்கம் திரும்பினால் மவுஸ் நகரும், அந்தப் பக்கம் திரும்பினால் திரும்ப நகரும். அந்த மாதம் முழு வருகைப்பதிவு ஃபேனுக்குத்தான் சேர வேண்டும்.

கோபம் வந்தது. ஆனால் அவன் முடித்த பில்களை எடுத்துப் பார்த்தால் எண்ணிக்கையில் குறைவே இல்லை. மதியம் இரண்டு மணி நேரம் அவன் அப்பாவுடன் வயலில் நின்றுவிட்டு ராத்திரி உட்கார்ந்து முடித்திருக்கிறான். ‘மதியம் இருக்க மாட்டேன்’ என்று என்னிடம் சொல்லப் பயந்துதான் ஃபேனைக் கட்டியிருக்கிறான். தப்பில் பாதி என்னுடையது.

ஆள் தூரத்தில் இருக்க வேலை வாங்குவது இந்த மண்ணுக்குப் புதிதா என்ன? ‘கொண்டுவிக்க’ (வெளியூரில் தொழில் செய்ய) போகிறோம் என்று ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் ஆள் அனுப்பிய ஊர் இது. முதலாளி கானாடுகாத்தானில், கடை பர்மாவில். இடையில் கடல். கடையை மேலாள் பார்த்தார், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். சம்பளச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள், மூன்று வருடம் ஒரு கணக்கு. யார் எத்தனை மணிக்குக் கடை திறந்தார் என்று இங்கிருந்து யாரும் பார்க்க முடியாது. கப்பல் தபாலில் கடிதமும் கணக்கும் வரும். ஐந்தொகை (வரவு, செலவு, பாக்கி எல்லாம் சேர்ந்த கணக்குச் சுருக்கம்) நேராக இருந்தால் ஆள் நேராக இருக்கிறார். அவ்வளவுதான் கண்காணிப்பு.

அதைப் பார்த்துத்தான் நாங்களும் வெள்ளிக்கிழமை ஐந்தொகை வைத்தோம். மாலை 5 மணிக்குள் ஒவ்வொருவரும் நாலு வரி எழுத வேண்டும்: முடிந்தது எது, நிற்பது எது, யாரிடம் நிற்கிறது, அடுத்த வாரம் எப்போது இருக்க மாட்டீர்கள். போன மாதம் புதுவயலில் இருந்து வந்த ஒன்று: “212 பில் ஏற்றியாச்சு. 9 பில்லில் வரி எண் இல்லை, செவ்வாய்க்கிழமை மெயில் போட்டேன், பதில் வரல. மாமனாருக்குக் கண் ஆபரேஷன், திங்கள் மதுரையில இருப்பேன். புதன் சேர்த்துப் பார்த்துருவேன்.” இதற்கு மேல் எனக்கு என்ன தெரிய வேண்டும்? ஆட்களின் கம்ப்யூட்டரை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டிருந்த மென்பொருளை, இந்த ஐந்தொகை தொடங்கிய அன்றைக்கே நிறுத்திவிட்டோம்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லவில்லை. மேலாள் அங்கே, அவர் மனைவி ஆச்சி இங்கே வளவில், பிள்ளை பிறந்த சேதியே கடிதத்தில். கணக்கு முறையை எடுத்துக்கொள்ளலாம், அந்தத் தனிமையை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் இருந்தால் வேலை குறையும் என்கிறார்களே?

ஷாங்காயில் ஒரு பெரிய பயண முன்பதிவு நிறுவனம் 2010 கடைசியில் இதைச் சோதித்துப் பார்த்தது. நிக்கோலஸ் புளூம் என்ற ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளரும் அவர் குழுவும் செய்த ஆய்வு. கால் சென்டரில் விருப்பப்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியை ஒன்பது மாதம் வீட்டில் இருந்து வேலை பார்க்க வைத்தார்கள். வேலை 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போகிறவர்கள் எண்ணிக்கை பாதியானது.

இதைச் சொல்பவர்கள் பாக்கியைச் சொல்வதில்லை. அதே அளவு நன்றாக வேலை பார்த்தும் வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு வாய்ப்பு குறைந்தது. கண்ணில் படாதவர் நினைவிலும் படவில்லை. சோதனை முடிந்து, வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள் என்றதும் வீட்டில் இருந்தவர்களில் சுமார் பாதிப் பேர் மனம் மாறி ஆபீசுக்கே திரும்பினார்கள். தனிமை பெரிய காரணம். அதே நிறுவனத்தில் பிறகு 1,612 பேரை வைத்து, வாரத்தில் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் ஆபீஸ் என்று பார்த்தார்கள். 2024-ல் வெளியான அந்த முடிவுப்படி வேலைத் தரம் குறையவில்லை, விலகுகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள்.

சென்னையில் பதவி உயர்வுப் பட்டியல் போடும்போது, காரைக்குடிப் பெயர்களை நான் முதலில் வாசிப்பது இதனால்தான்.

எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம்?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே போட்டு வைத்த அளவு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. வீடு என்பதால் கடிகாரம் மாறிவிடாது. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து, 35–40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 35 சதவீதம் அதிகம். இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம்.

இங்கே கஷ்டம் நேர வித்தியாசத்தில். லண்டனில் காலை 9 மணி என்றால் நமக்குப் பனிக்காலத்தில் மதியம் 2.30, கோடையில் 1.30. நியூயார்க்கின் காலை 9 நமக்கு இரவு 7.30 அல்லது 6.30. அவர்கள் கடிகாரத்தைத் திருப்பும் மார்ச்சிலும் அக்டோபர்-நவம்பரிலும் ஒரு மணி நேரம் இடறும், அதுவும் இருவரும் ஒரே நாளில் திருப்புவதில்லை. அந்த வாரங்களை முன்பே காலண்டரில் குறித்து வையுங்கள். ராத்திரி வீடியோ கால் இருக்கிறவர் மறுநாள் காலை 11-க்கு முன் வரக்கூடாது. ‘வர வேண்டாம்’ என்று சொன்னால் நல்ல பிள்ளைகள் வந்துவிடுவார்கள், அதனால் ‘வரக்கூடாது’.

பிரான்சில் 2017 தொடங்கி, வேலை நேரம் முடிந்தபின் தொடர்பை அணைத்து வைக்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. நமக்கு அது கிடைக்கும்வரை, மாலை 7-க்கு மேல் அனுப்பும் செய்தியின் முதல் வார்த்தை ‘நாளைக்கு’ என்று இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நான் மீறினால் ஐம்பது ரூபாய் அபராதம், டீ செலவுக்கு. போன வருடம் நானே எட்டு தடவை கட்டியிருக்கிறேன்.

“வீட்லதானே இருக்கே!” இதற்கு என்ன பதில் சொல்வது?

எங்கள் பெண்களை வாட்டுவது மேலாளரைவிட இந்த ஒரு வாக்கியம். கேஸ் சிலிண்டர் வந்தால் எழு, விருந்தாள் வந்தால் காபி போடு, மாமியாருக்கு மாத்திரை, பிள்ளைக்கு ஸ்கூல் வேன். பள்ளத்தூரில் ஒரு தங்கை மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு இடியாப்ப மாவு பிசைந்ததை நானே பார்த்திருக்கிறேன். கேமராவை அணைக்க மறந்துவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. கூட இருந்த நாலு பெண்களும் அதே நேரத்தில் ஏதோ ஒன்றைப் பிசைந்துகொண்டிருந்திருப்பார்கள்.

இதற்கு நிறுவனம் செய்யக்கூடியது ஒன்று உண்டு, நாங்கள் செய்து பார்த்தோம். வேலையில் சேரும்போது வீட்டுக்கு ஒரு கடிதம் போடுகிறோம், லெட்டர்ஹெட்டில், முத்திரை வைத்து, தமிழில்: இவர் எங்கள் நிறுவனத்தில் இந்தப் பதவியில் இருக்கிறார், காலை இத்தனை மணி முதல் மாலை இத்தனை மணி வரை பணியில் இருப்பார். சிரிப்பாக இருக்கும். ஆனால் மாமனார் அதை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால், வந்தவர்களிடம் “மருமக டூட்டில இருக்கு” என்று அவரே சொல்லிவிடுவார். முத்திரைக்கு நம் ஊரில் இன்னும் மரியாதை இருக்கிறது.

கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும். அது இல்லாத வீடும் உண்டு. மாடி வைத்த பெரிய வீடு எல்லாருக்கும் இல்லை; ஒற்றை அறை ஓட்டுவீட்டில் ஐந்து பேரோடு இருக்கிறவருக்கு நகரில் பகிர்வு அலுவலக மேஜை ஒன்றுக்கு வாடகை கொடுத்துவிடுங்கள்.

பெண்களுக்கு வேறு என்ன சட்டப் பாதுகாப்பு?

மகப்பேறு விடுப்பு 26 வாரம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு. 2017 திருத்தத்தின்படி விடுப்பு முடிந்த பிறகும், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இருதரப்பும் பேசி வீட்டில் இருந்து தொடரலாம். கேட்கத் தயங்குகிறார்கள், கேளுங்கள்.

2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். அதற்குக் குறைந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு வரும் ‘சாப்ட்டியாமா’வும், வேலைக்குத் தேவையில்லாத வீடியோ காலும் இந்தக் கணக்கில் சேரலாம் என்பதை ஆண் மேலாளர்கள் நினைவில் வைப்பது நல்லது. ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காதீர்கள்.

ஊரில் இருக்கிறோம், சொந்தபந்தம் சுற்றி இருக்கிறது. தனிமை எப்படி வரும்?

வரும். அம்மாவிடம் எக்செல் ஃபார்முலா பற்றிப் புலம்ப முடியாது. ‘அந்தக் கிளையண்ட் இன்னைக்கு என்ன சொன்னான் தெரியுமா’ என்று தொடங்கினால் புரிந்து சிரிக்க ஓர் ஆள் வேண்டும், அது கூட வேலை பார்க்கிறவர்தான். அதனால் மாதம் இரண்டு முறை எல்லாரும் காரைக்குடியில் கூடுகிறோம். அஜெண்டா கிடையாது. வேலை பற்றிப் பேசினால் தப்பில்லை, பேசாவிட்டாலும் தப்பில்லை. ஆத்தங்குடிக் கல் பாவிய ஒரு பழைய வீட்டின் திண்ணையை நண்பர் கொடுத்திருக்கிறார். வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் வரும். ஆன்லைனில் மூன்று மாதமாக முறைத்துக்கொண்டிருந்த இருவர் அங்கே அரை மணி நேரத்தில் சமாதானம் ஆனதைப் பார்த்திருக்கிறேன்.

ஒருவர் சோர்ந்துபோகிறார் என்று தூரத்தில் இருந்து எப்படித் தெரியும்?

யாரும் ‘எனக்கு மன அழுத்தம்’ என்று எழுத மாட்டார்கள். வெள்ளிக்கிழமை ஐந்தொகை நாலு வரியில் இருந்து ஒரு வரியாகும். கேமரா அணைந்தே இருக்கும். நன்றாகக் கிண்டல் பண்ணுகிற ஆள் ‘ஓகே’ என்று மட்டும் போடுவார். சின்னத் தப்புகள் கூடும். “என்னமோ சலிச்சுப்போச்சுண்ணே” என்று ஒரு தடவை சொல்வார். அந்த ஒரு தடவையைத் தவறவிடாதீர்கள். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்டை (வேலைச் சோர்வை) பட்டியலிட்டபோது அதை நோய் என்று சொல்லவில்லை; சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்றுதான் எழுதியது. ஆக, முதலில் திருத்த வேண்டியது ஆளை அல்ல, வேலையை.

போன் போடுங்கள், மெசேஜ் வேண்டாம். ‘ஏன் வேலை தாமதம்’ என்று ஆரம்பிக்காமல், ‘இந்த வாரம் எதை உன் தலையில் இருந்து இறக்கலாம்’ என்று கேளுங்கள். சொன்னதை ஆபீஸ் முழுக்கப் பரப்பாதீர்கள். நம்ம ஊரில் சேதி பல்லவன் எக்ஸ்பிரஸைவிட வேகமாகச் சென்னை போய்விடும்.

தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் நீங்கள் ஆலோசகர் வேடம் போட வேண்டாம். டெலி மனஸ் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவிச் சேவை, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். வெட்கம் இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே எண்ணைப் போட்டுக் கொடுங்கள்.

யோகா வகுப்பு, ஆரோக்கிய வாரம் நடத்தலாமா?

நடத்துங்கள், சனிக்கிழமை மட்டும் வைக்காதீர்கள். விடுமுறை நாளில் கட்டாயப்படுத்தி வரவழைத்து ‘மன அமைதி’ சொல்லிக்கொடுத்த நிறுவனத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

முதுகு, கண்?

ஊஞ்சலில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைக்காதீர்கள். சக்கர நாற்காலி ஆத்தங்குடிக் கல்லில் வழுக்கிக்கொண்டு போகும், கீழே கோரைப்பாய் விரித்தால் நிற்கும். ஸ்கிரீன் கண் மட்டத்துக்கு வரட்டும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தள்ளி இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள். பெரிய வீட்டில் இருப்பவர்களுக்கு வளவின் எதிர்த்தூண் போதும்.

திருவிழா, படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு), பழநி நடை. லீவை எப்படிச் சமாளிப்பது?

1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு பண்டிகை விடுமுறை ஐந்து. அந்த ஐந்தைச் சென்னையில் உட்கார்ந்து முடிவு செய்தால் காரைக்குடி கொப்புடையம்மன் செவ்வாய்ப் பெருந்திருவிழா அதில் வரவே வராது. அதனால் எங்கள் ஆட்களுக்கு இரண்டு நாளை ‘ஊர் நாள்’ என்று ஒதுக்கினோம். யாருக்கு எது வேண்டுமோ எடுக்கலாம்: ஒருவருக்கு பிள்ளையார்பட்டி சதுர்த்தி, ஒருவருக்கு சிராவயல் மஞ்சுவிரட்டு, இன்னொருவருக்கு ரம்ஜானுக்கு மறுநாள். தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கிறவர்கள் மார்கழியிலேயே சொல்லிவிடுவார்கள். லண்டன்காரருக்கும் அப்போதே சொல்லிவிடுகிறோம். அவர் ஆகஸ்டில் மூன்று வாரம் கடற்கரைக்குப் போகும்போது நாம் குறுக்கே நின்றோமா?

திருவிழா நாளில் தெருவில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தால் அன்று வீடியோ கால் வைக்காதீர்கள். எந்த மைக்காலும் எல்.ஆர்.ஈஸ்வரியின் குரலை வடிகட்ட முடியாது.

ஊரில் செலவு குறைவு, சம்பளத்தைக் குறைக்கலாமா?

பில் ஒன்றுதான், வாடிக்கையாளர் கொடுக்கும் பவுண்டும் ஒன்றுதான். வீட்டு வாடகைப் படி பற்றி வேண்டுமானால் பேசலாம். அடிப்படைச் சம்பளத்தில் கைவைக்காதீர்கள்.

மேலாளரின் நலனை யார் பார்ப்பார்கள்?

யாரும் கேட்காத கேள்வி, நானே சேர்த்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அப்பத்தா பார்க்கிறார். ஏழு மணியானால் வளவுக்கு வந்து, “கடை கட்டியாச்சா?” என்பார். ஆச்சு என்று லேப்டாப்பை மூடுவேன். போனையும் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வார். ஒன்பது மணிக்கு அவர் தூங்கிவிடுவார் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும், அதனால் இப்போதெல்லாம் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறார்.